முதலாளி கையெழுத்து போடும் இடம்

கடைசிக் குழந்தையை அதன் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போகும்போது மணி ஆறே கால். விளையாட்டுச் சாமான்களைக் கழுவிக் காயவைத்து, தரையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். அமெரிக்க மத்தியக் கல்வித் துறையின் இணையதளத்தில் ஒரு தேடுபெட்டி இருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் ஒன்பது இலக்க வரி எண்ணை அதில் போட்டால், அந்த இடம் பொதுச்சேவையில் இருப்பவர்களுக்கான கல்விக் கடன் தள்ளுபடிக்குத் தகுதியானதா என்று சொல்லும். என் காப்பகத்தின் எண்ணைப் போட்டேன். தகுதியில்லை என்று வந்தது. அப்படித்தான் வரும் என்று தெரியும். தெரிந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

அந்தத் திட்டத்தின் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். கடன் வாங்கியவருடையது ஒன்று, முதலாளியின் சார்பில் ஒன்று. கடன்காரி நான், முதலாளி நான், வேலைக்காரியும் நான். அந்த இரண்டாவது கையெழுத்துக் கட்டம்தான் எனக்கும் தள்ளுபடிக்கும் நடுவில் நிற்கிறது.

கலிஃபோர்னியாவில், சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில், வாடகை வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். இங்கே எல்லோரும் ‘ஹோம் டேகேர்’ என்று சொல்வார்கள். மாநில அரசின் உரிமம் பெற்றது. சிறிய வகை உரிமம் என்பதால் ஆறு குழந்தைகள், சில நிபந்தனைகளோடு எட்டு. கைரேகை, காசநோய்ப் பரிசோதனை, 16 மணி நேர சுகாதார, முதலுதவிப் பயிற்சி எல்லாம் முடித்தால்தான் உரிமம் கையில் வரும். பட்டம் கேட்பதில்லை. என்னிடம் பட்டம் இருக்கிறது. அதற்கு வாங்கிய கடன் 28,000 டாலர் இன்னமும் இருக்கிறது.

வீட்டில் பிள்ளை பார்க்க எதற்குப் பட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் வீட்டில் பிள்ளை பார்க்கப் படிக்கவில்லை. கல்யாணமாகி 2007ல் வந்தேன், வேலை செய்ய முடியாத விசா. 2013ல் கிரீன் கார்டு கிடைத்தது; அதே வருஷம் மூன்று வயது மகளோடு தனியாக நின்றேன். அதற்கு மேல் அந்தக் கதை இங்கே வேண்டாம். கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். 2015ல் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். குறைந்த வருமானக்காரர்களுக்கான பெல் கிராண்ட் உதவித்தொகையும் கிடைத்தது. அது போதாமல் துண்டு விழுந்ததற்கெல்லாம் மத்திய அரசுக் கடன். 2018ல் குழந்தை வளர்ச்சியில் பட்டம் வாங்கி, லாபநோக்கற்ற ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். டிசம்பரில் முதல் தவணை கட்டினேன்.

பெருந்தொற்றில் அந்தப் பள்ளி 2020 ஜூனில் ஒரேயடியாக மூடப்பட்டது. அதே சமயம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அம்மாக்கள் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். அதில் இருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2021 ஜனவரியில் உரிமம் வாங்கினேன்.

அந்தப் பள்ளியில் இருந்தபோது சேர்ந்த 19 மாதங்கள் பொதுச்சேவைக் கணக்கில் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. இருபதாவது மாதம் வரவே இல்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி, அரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் பள்ளியில் அப்போதே சேர்ந்துவிட்டாள். பெருந்தொற்றுக்காகத் தவணையை நிறுத்திவைத்த மூன்றரை வருஷமும், ஒரு டாலர்கூடக் கட்டாமலே, கட்டியதாகவே அவளுக்கு எண்ணப்பட்டது. 2028 நவம்பரில் அவளுக்குத் தள்ளுபடிக்கு வேண்டிய 120 மாதத் தவணை முடிகிறது. சந்தோஷம், அவள் அதற்குத் தகுதியானவள். அதே மூன்றரை வருஷத்தில் பெரும்பகுதி நானும் முகக்கவசம் போட்டுக்கொண்டு குழந்தைகளுக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்தேன். அது எனக்கு அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இந்தத் தள்ளுபடி 2007ல் வந்த சட்டம். பொதுச்சேவையில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடனை அரசு தள்ளுபடி செய்யும். ஆரம்ப வருஷங்களில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு நடைமுறையைச் சரிசெய்தார்கள். 2024 அக்டோபரில் பலன் பெற்றவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

எதெல்லாம் பொதுச்சேவை என்று அந்தச் சட்டமே பட்டியல் போடுகிறது. காவல், பொது சுகாதாரம், பொதுக்கல்வி என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் முன்பருவக் கல்வியும் இருக்கிறது. அதில் உரிமம் பெற்ற அல்லது அரசு ஒழுங்குமுறைக்கு உட்பட்ட குழந்தைப் பராமரிப்பும் அடங்கும் என்று சட்ட வாசகமே சொல்கிறது. இதை நான் முதன்முதலாகப் படித்தபோது ராத்திரி பதினொன்றரை மணி. தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிக் காட்டினேன். "அம்மா, அப்போ உனக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

இல்லை. சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரக் கல்வித் துறை எழுதிய விதிகள் வேலையைப் பார்ப்பதில்லை, சம்பளம் கொடுப்பவரைப் பார்க்கின்றன. அரசு அமைப்பா, லாபநோக்கற்ற நிறுவனமா, உள்ளே வா. சொந்தத் தொழிலா, வெளியே நில். தான் குடியிருக்கும் வீட்டில் ஆறு குழந்தைகளைப் பார்க்கும் ஒருத்தி வரிக் கணக்கில் லாபநோக்குள்ள வியாபாரம்.

2022 ஜூலையில் விதிகளைத் திருத்த வரைவு வெளியிட்டபோது, லாபநோக்குள்ள முன்பருவக் கல்வி இடங்களில் வேலை பார்ப்பவர்களைச் சேர்க்கலாமா என்று கல்வித் துறையே கருத்துக் கேட்டது. நவம்பரில் இறுதி விதி வந்தது. நாங்கள் அதில் இல்லை. அதே இறுதி விதியில் இன்னொரு கதவு திறந்தது. கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் மருத்துவமனைகள் மருத்துவர்களை நேரடி ஊழியராக வைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. அதனால் லாபநோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்தும் மருத்துவர்கள் தள்ளுபடிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் பிரச்சினையைத் தீர்த்து, 2023 ஜூலை 1 முதல் சேர்த்துக்கொண்டார்கள். சரியான காரியம்தான். மருத்துவமனை லாபநோக்கற்றது, என் வீடு அப்படியல்ல என்ற வித்தியாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் வேலை பொதுச்சேவை, தடை காகிதத்தில் மட்டும் என்று தெரிந்தால் காகிதத்தை மாற்ற முடியும் என்பதை அந்த விதி காட்டிவிட்டது.

‘லாபநோக்கு’ என்ற சொல்லுக்காகவே என் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் வரிக் கணக்கு போட உட்கார்ந்தால் முதலில் வேண்டியது அளவுநாடாவும் நாட்குறிப்பும். வீடு 1,400 சதுர அடி. அதில் குழந்தைகள் வழக்கமாகப் புழங்கும் கூடம், சமையலறை, ஓர் அறை, குளியலறை எல்லாம் சேர்ந்து 1,050. முக்கால் பங்கு. அடுத்தது நேரம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதில் குழந்தைகள் இருக்கும் நேரம், அவர்கள் வருவதற்கு முன்னால் சமைத்து, போன பிறகு கழுவித் துடைத்து, கணக்கெழுதும் நேரம் எல்லாம் கூட்டினால் எனக்கு 3,200 மணி வருகிறது. இரண்டு விகிதத்தையும் பெருக்கினால் 27 சதவீதம். வீட்டு வாடகையில், மின்கட்டணத்தில், தண்ணீரில் அந்த 27 சதவீதத்தைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வீட்டில் அலுவலகம் வைத்திருப்பவர் அந்த அறையை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது; எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பகலில் ஆறு குழந்தைகள் தூங்கும் கூடத்தில்தான் ராத்திரி என் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்பதை வரித் துறை ஏற்றுக்கொள்கிறது.

போன வருஷம் கட்டணமும் மானியமுமாகக் கைக்கு வந்தது 62,000 டாலர். சாப்பாடு, காப்பீடு, டயபர் துடைப்பான், நான் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் உரிமத்துக்கு உட்பட்டு மாற்று ஆள், பொம்மை, மெத்தை, வீட்டின் பங்கு எல்லாம் போக 36,500. அதில் சுயதொழில் வரி மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு முதலாளி கட்டும் பாதியையும் நானேதான் கட்டுகிறேன். 36,500ஐ 3,200 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்குப் பன்னிரண்டு டாலர்கூட வரவில்லை. 2025ல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 16.50. எனக்குப் பதிலாக ஒருநாள் வந்து நிற்கும் பெண்ணுக்கு நான் கொடுப்பது எனக்கு நான் கொடுத்துக்கொள்வதைவிட அதிகம்.

சாப்பாட்டுக்கு மத்திய அரசின் உணவுத் திட்டம் ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை உணவும் ஒரு சிற்றுண்டியும் கணக்கில் எழுதலாம். எழுதுவதற்கு விதிகள் உண்டு. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை கொழுப்பெடுக்காத முழுப் பால், இரண்டைத் தாண்டினால் கொழுப்பு குறைத்த பால். சாம்பாரில் இருக்கும் பருப்பைப் புரதம் என்று எழுதலாம், அல்லது காய்கறி என்று எழுதலாம்; ஒரே வேளையில் இரண்டாகவும் எழுதக்கூடாது. புரதம் என்று எழுதினால் தட்டில் தனியாக ஒரு காய் இருக்க வேண்டும். அதனால் என் வீட்டில் சாம்பார் வைக்கும் நாளில் கேரட் பொரியலும் உண்டு. மெக்ஸிகோ வம்சாவளி இரட்டையர் இருவருக்கும் அந்தப் பொரியல் என்றால் உயிர். இந்தத் திட்டத்தின் ஆட்கள் வருஷத்துக்கு மூன்று முறை வருவார்கள், அதில் இரண்டு முறை சொல்லாமல். மாநில உரிமத் துறையும் சொல்லாமல்தான் வரும். என் அடுப்படியில் எந்த அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது என்பது வரை அரசுக்குத் தெரியும்.

நம் வாசகர்களில் பலர் பிள்ளைகளை இப்படி ஒரு வீட்டில் விடுகிறவர்களாக இருப்பீர்கள். உங்களோடு ஒரு விஷயத்தை நேராகவே பேசுகிறேன். டிசம்பர் வந்தால் எனக்கு வரும் முதல் கேள்வி, "அக்கா, ஆறு வாரம் ஊருக்குப் போறோம், அதுக்கும் ஃபீஸ் கட்டணுமா?" கட்ட வேண்டும். குழந்தை இல்லாவிட்டாலும் அந்த இடத்தை நான் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஆறு இடத்தில் ஓர் இடம் காலியானால் என் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போகிறது, வாடகை ஆறில் ஒரு பங்கு குறைவதில்லை. இன்னொன்று, ஊரிலிருந்து தாத்தா பாட்டி ஆறு மாத விசாவில் வரும்போது குழந்தையை நிறுத்திவிடுவது. பேரப்பிள்ளை பாட்டி மடியில் வளர்வது நல்லதுதான், நானும் அப்படி வளர்ந்தவள். ஆனால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இரண்டு பாட்டிகள் வந்தார்கள். அந்த மாத வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். அதன் வட்டி கல்விக் கடன் வட்டியைப் போல ஐந்து மடங்கு.

இன்னொரு சிக்கல், வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. வீட்டு வாடகையின் பங்கைக் கழிப்பதால் காகிதத்தில் என் வருமானம் சிறுக்கிறது. வருமானத்தை வைத்துத் தவணை கணக்கிடும் கடன் திட்டத்தில் இதனால் தவணை குறைகிறது, உதவிதான். ஆனால் தவணை வட்டியைவிடக் குறைந்தால் கடன் வளரும். என் கடனுக்கு மாத வட்டி ஏறக்குறைய நூறு டாலர். தவணை 18 டாலர் வந்தால் மீதி 82 எங்கே போகும்? கடனில்தான் போய் உட்காரும். அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கடன் கேட்கப் போனால், இவ்வளவு சின்ன வருமானத்துக்கு வீடா என்று கேட்கிறார்கள். சொந்த வீடு இல்லாமல் இந்தத் தொழிலில் நிம்மதியே கிடையாது. 2019ல் வந்த கலிஃபோர்னியச் சட்டம், வீட்டுக்காரர் இந்தத் தொழிலைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது என்று சொல்கிறது. வாடகையை ஏற்றுவதற்கு அவருக்கு இன்னும் வழி இருக்கிறது.

எங்கள் தொழிலில் 2023ஆம் வருஷத்தை மறப்பது கஷ்டம்.

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் கல்விக் கடனில் பத்தாயிரம் டாலர் தள்ளுபடி என்று அறிவித்தார். பெல் கிராண்ட் வாங்கியவர்களுக்கு இருபதாயிரம். முதலாளி யார் என்று அதில் கேள்வியே இல்லை, வருமான வரம்பு மட்டும்தான். அக்டோபரில் விண்ணப்பம் திறந்தது. குழந்தைகள் மதியம் தூங்கும் நேரத்தில் போனிலேயே நிரப்பினேன், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நவம்பரில், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. அப்படி ஏற்கப்பட்டவர்கள் ஒரு கோடியே அறுபது லட்சம் பேர். 28,000ல் இருபது போனால் எட்டு. எட்டாயிரம் டாலர் கடன் என்பது ஒரு மனுஷி அடைத்துவிடக்கூடிய கடன். அந்தக் கணக்கை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினேன்.

2023 ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. அதே ஜூன் 30ஆம் தேதியோடு உணவுத் திட்டத்தில் பெருந்தொற்றுக்காகக் கொடுத்த உயர்ந்த விகிதமும் முடிந்தது. அதுவரை எல்லா வீடுகளுக்கும் முதல் அடுக்கு விகிதம். ஜூலை 1 முதல் ஏழ்மையான பகுதியில் இல்லாத, வருமான வரம்புக்குள் வராத வீடுகள் இரண்டாம் அடுக்குக்குத் திரும்பின. எங்கள் தெரு அந்தக் கணக்கில் ஏழைத் தெரு இல்லை. சிற்றுண்டிக்கு ஒரு குழந்தைக்குக் கால் டாலர் சொச்சம். முதல் அடுக்கில் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வாழைப்பழமும் பாலும் கொடுத்தால் சரியாகப் போச்சு.

செப்டம்பர் 30ஆம் தேதி மூன்றாவது அடி. 2021ல் வந்த பெருந்தொற்று நிவாரணச் சட்டம் குழந்தைப் பராமரிப்பு இடங்கள் மூடாமல் இருக்க 2,400 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. அதன் கெடு அன்றோடு முடிந்தது. அந்தப் பணத்தில் எனக்கு வந்த பங்கில்தான் பின்கட்டில் வேலி போட்டேன், இரண்டு மாத வாடகை பாக்கியைக் கொடுத்தேன். மறுநாள் அக்டோபர். நிறுத்திவைத்திருந்த கல்விக் கடன் தவணைகள் நாடு முழுக்க மறுபடி தொடங்கிய மாதம். எங்கள் கையைப் பிடித்திருந்த உதவியை விட்ட மறுநாளே தவணைச் சீட்டைக் கொடுத்தார்கள். இந்த நான்கையும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு ஆட்கள் முடிவு செய்தார்கள். ஒரே சமையலறையில் நான்கும் வந்து விழும் என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

என்னைக் கொஞ்ச காலம் தாங்கியது ‘சேவ்’ என்ற புதிய தவணைத் திட்டம். ஏழ்மைக் கோட்டைப் போல இரண்டேகால் மடங்கு வருமானம் வரைக்கும் தவணை இல்லை. கட்டாமல் விட்ட வட்டியையும் சேர்க்க மாட்டார்கள். என் தவணை பூஜ்யம் என்று வந்தது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அதையும் நிறுத்தியது. கடன் வசூலிக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்து ஒரு மணி பத்து நிமிஷம் காத்திருந்தேன். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. எதிர்முனையில் பேசிய பெண் தன்மையாகத்தான் சொன்னார்: "மேடம், நீங்க இப்ப எதுவும் கட்ட வேண்டாம். ஆனா இந்த மாசங்கள் எதுலயும் எண்ணப்படாது." குழந்தை அழத் தொடங்கியது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 1 முதல் வட்டி மறுபடி ஏறுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம் சேவ் திட்டத்தை 2028 ஜூலைக்குள் மூடச் சொல்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிய திட்டம் ஒன்று. அதில் என் வருமானத்துக்கு 3 சதவீதம், மகளுக்காக மாதம் 50 டாலர் கழிவு, ஆக 35 டாலர். கட்டாத வட்டியை அரசே விட்டுவிடும், அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது நல்ல அம்சம், மறைக்க மாட்டேன். ஆனால் தள்ளுபடிக்கு முப்பது வருஷம். சேவுக்கு முந்தைய பழைய திட்டத்தில் 18 டாலர், இருபது வருஷம், ஆனால் கடன் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் தள்ளுபடியாகும் தொகைக்கு மத்திய வருமான வரியும் உண்டு, அந்த வரிவிலக்கு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பொதுச்சேவைத் தள்ளுபடிக்கு அந்த வரி கிடையாது. 2024 ஜூன் வரை இருபது வருஷக் கணக்கில் எனக்கு 67 மாதங்கள் சேர்ந்திருக்கின்றன. பொதுச்சேவைக் கணக்கில் அதே 19. பழையதா புதியதா என்று இரண்டு மாதமாக நோட்டில் போட்டுப் பார்க்கிறேன். மகள் பெரியவளாகிக் கழிவு போய்விட்டால் புதியதில் தவணை 85 ஆகும். எனக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது.

இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமே என்று மழலையர் பள்ளியில் கூட இருந்தவர்கள் கேட்கிறார்கள். போகலாம். கலிஃபோர்னியாவில் நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் அரசுப் பள்ளியிலேயே ‘டிகே’ வகுப்பு 2025-26 கல்வியாண்டில் முழுமையாக வந்துவிட்டது. அங்கே துணை ஆசிரியையாகச் சேர்ந்தால் இருபதாவது மாதம் எண்ணத் தொடங்கிவிடும். இன்னும் எட்டரை வருஷத்தில் கடன் போய்விடும். பெற்றோருக்கு டிகே பெரிய உதவி, நானும் வரவேற்கிறேன். ஆனால் அது எங்கள் வீடுகளில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு குழந்தைகளில் கைக்குழந்தைகள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. கைக்குழந்தைக்குக் கை அதிகம் வேண்டும், நாலு வயதுப் பிள்ளை ஓரளவு தானே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெரிய பிள்ளைகள் கொடுக்கும் கட்டணத்தில்தான் சின்னக் குழந்தைகளின் செலவு சமாளிக்கப்பட்டது. இப்போது பெரியவர்கள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். கைக்குழந்தைகளுக்கான வரிசை என் வாசலில் நீள்கிறது. மூன்றுக்கு மேல் எடுக்க முடியாது.

நானும் பள்ளிக்குப் போய்விட்டால் அந்த மூன்று குழந்தைகள் எங்கே போவார்கள்? அமெரிக்கா முழுக்க உரிமம் பெற்ற சிறிய வீட்டுக் காப்பகங்கள் 2005க்கும் 2017க்கும் இடையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. காலை ஐந்தரைக்குக் கிடங்கில் ஷிஃப்ட் தொடங்கும் அம்மாவுக்கு ஒன்பது மணிக்குத் திறக்கும் பள்ளி உதவாது. என்னிடம் வரும் ஒரு குழந்தை ஐந்து மணிக்கு வருகிறது, போர்வையோடு. அதன் கட்டணத்தை மாநில அரசு கொடுக்கிறது. அரசுப் பணத்தில், அரசு உரிமத்தில், அரசு சோதனைக்கு உட்பட்டு, அரசு சொன்ன பாலைக் கொடுத்து ஏழைக் குழந்தையைப் பார்க்கும் வேலையைப் பொதுச்சேவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலிஃபோர்னியாவில் மானியக் குழந்தைகளைப் பார்க்கும் எங்களுக்கு 2019ல்தான் கூட்டுப்பேர உரிமை சட்டமானது. 2020ல் சங்கத்துக்கு வாக்களித்தோம். 2023 ஒப்பந்தத்தில் ஓய்வூதியத்துக்கு எட்டுக் கோடி டாலர் நிதி கிடைத்தது. முப்பது வருஷம் குழந்தை பார்த்து முழங்கால் தேய்ந்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் அழுததைப் பார்த்தேன். கேட்டால் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

எங்களைச் சேர்ப்பதற்கு எதிராக நியாயமான ஒரு வாதம் உண்டு. கதவைத் திறந்தால் நூற்றுக்கணக்கான கிளைகள் வைத்து நடத்தும் பெரிய கம்பெனிகளும் உள்ளே வரும், பொதுப் பணம் பங்குதாரர்களுக்கு மறைமுகமாகப் போகும் என்பது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஆசிரியைகளின் கடனைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஆனால் தான் குடியிருக்கும் வீட்டில், தன் பெயரில் உரிமம் வாங்கி, தானே குழந்தை பார்ப்பவரை மட்டும் பிரித்தெடுப்பது கடினமில்லை. உரிம எண் இருக்கிறது. மானியம் கொடுத்த மாதங்களின் பதிவு மாநிலத்திடம் இருக்கிறது. எத்தனை மணி நேரம் திறந்திருந்தேன் என்பது பெற்றோர் தினமும் கையெழுத்து போடும் வருகைத் தாளில் இருக்கிறது. முதலாளி கையெழுத்துக் கட்டத்தில் மாநில உரிமத் துறை கையெழுத்திடட்டும். 1998ல் திருத்திய சட்டத்திலேயே குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கென்று சிறிய கடன் தள்ளுபடிச் சோதனைத் திட்டம் ஒன்று இருந்தது. சொற்பப் பணத்தோடு தொடங்கி முடிந்துபோனது. அதனால் இது யாரும் யோசிக்காத யோசனையும் இல்லை.

போன மாதம் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டு காகிதம் தயார் செய்து அனுப்பினேன். உரிமத்தின் நகல், கடைசி மூன்று சோதனை அறிக்கைகள், உணவுத் திட்டத்தின் மாதாந்தரப் பதிவு, பெற்றோரின் பெயரை மறைத்த வருகைத் தாள்கள், வரிக் கணக்கின் ஷெட்யூல் சி, 19 என்று காட்டும் கடன் கணக்கின் பக்கம். மேலே ஒரு பக்கக் கடிதம். அதில் 2007ஆம் வருஷச் சட்டத்தின் அந்த வரியை அடிக்கோடிட்டிருந்தேன். என் பேட்டையில் இதே தொழில் செய்யும் பதினோரு பெண்கள் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நான்கு பேருக்குக் கல்விக் கடன் இருக்கிறது, இரண்டு பேர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்கள் பெயரில் வாங்கியது.

அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் கூப்பிட்டார். எல்லாவற்றையும் படித்திருந்தார். வீட்டுக் காப்பகத்துக்கு இத்தனை சோதனை உண்டு என்று தனக்குத் தெரியாது என்றார். ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை, பதினொன்றரைக்கு, குழந்தைகள் சாப்பிடும் நேரம். அன்றைக்குச் சாம்பார், கேரட் பொரியல். காசநோய்ப் பரிசோதனைச் சான்று இல்லாதவரைக் குழந்தைகளோடு தனியாக விட மாட்டேன், நானும் கூடவே இருப்பேன் என்று சொன்னேன். சரி என்றார்.